எழுத்தாளரை உரையாற்ற அழைப்பது எப்படி? கல்லூரிகளுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஓர் எழுத்தாளரைக் கூட்டத்துக்கு அழைப்பது அரிய காரியம் அன்று. பெரும்பாலான எழுத்தாளர்கள் வாசகர்களைச் சந்திக்க விரும்புகிறவர்கள். முறையாக எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவர்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபின் நடப்பதுதான் பல இடங்களில் வருத்தம் தருவதாக இருக்கிறது. தம் நூலில் ஒரு பக்கத்தையும் புரட்டிப் பாராத முந்நூறு மாணவர்கள் எதிரே அமர்ந்திருக்க, வரவேற்புரையும் தலைமையுரையும் மூன்று வாழ்த்துரைகளும் முடிந்து, உணவு இடைவேளைக்கு இருபது நிமிடம் எஞ்சியிருக்கையில் ஒலிவாங்கி அவர் கைக்கு வந்து சேர்கிறது. முதன்முறையாக இத்தகைய நிகழ்ச்சியை நடத்தப்போகும் தமிழ்த்துறை ஆசிரியர், மாணவர் மன்றச் செயலாளர், நூலக வாசகர் வட்டப் பொறுப்பாளர், ஊர் நற்பணி மன்றத்தினர் ஆகியோருக்காக, அழைப்பை எண்ணுவது முதல் கணக்கை முடிப்பது வரை செய்யவேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

யாரை அழைப்பது

பெயரிலிருந்து தொடங்காமல் நூலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வட்டத்தில் குறைந்தது பதினைந்து பேராவது படித்த, அல்லது நிகழ்ச்சிக்குள் படித்து முடிக்கக்கூடிய நூல் எது என்று பாருங்கள். அந்த நூல் இப்போது அச்சில் இருக்கிறதா என்பதைப் பதிப்பகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படிகள் கிடைக்காத நூலின் ஆசிரியரை அழைத்தால், கூட்டம் முடிந்து வாங்கிப் படிக்க எண்ணுகிறவரை வெறுங்கையோடு அனுப்பவேண்டி வரும்.

கல்லூரிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பகுதி 1 தமிழ்ப் பாடத்தில் சிறுகதைகளும் புதுக்கவிதைகளும் இடம்பெறுகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அவற்றில் இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் கதை இருந்தால், முதலாம் ஆண்டு மாணவர் அனைவரும் அதைத் தேர்வுக்காகவேனும் படித்திருப்பார்கள். எழுதியவரை நேரில் பார்த்து, அந்த முடிவை ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்க முடிவது அவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. வேறு யாரையும் எண்ணுவதற்கு முன் அவரை எண்ணுங்கள்.

அடுத்து, உங்கள் மாவட்டத்திலேயே வாழும் எழுத்தாளர்களைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஒருவரை வரவழைக்கும் ஆவலில், பேருந்தில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடியவரை மறந்துவிடுகிறோம். புனைகதையாளர்கள் என்று மட்டும் எண்ணவேண்டாம். மொழிபெயர்ப்பாளர், வட்டார வரலாறு எழுதுகிறவர், சிறுவர் நூல் ஆசிரியர், அறிவியலைத் தமிழில் எழுதுகிறவர் ஆகியோருக்கு அழைப்புகள் குறைவாகவே போகின்றன. வேதியியல் துறையும் வணிகவியல் துறையும் தமிழ்த்துறையோடு சேர்ந்து அழைப்பதற்கு இவர்களே பொருத்தமானவர்கள்.

மார்ச் 8 அன்று பெண் எழுத்தாளரையும், ஏப்ரல் 14 அன்று தலித் எழுத்தாளரையும் தேடிவிட்டு மற்ற நாள்களில் மறந்துவிடும் வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் எழுதிய நூலைப் பற்றிப் பேசத்தான் அவர்களை அழைக்கவேண்டும். அதற்கு ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையும் ஏற்ற நாள்தான்.

ஒப்புதலும் நாளும்

எழுத்தாளரைத் தொடர்புகொள்வதற்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள். கல்லூரியில் துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அழைக்கப்படுபவர் யார், எந்த நூலைப் பற்றி, எந்த அரங்கு, எவ்வளவு செலவு, அந்தச் செலவு எந்தக் கணக்கில் என்பவை அதில் இருக்கவேண்டும். வாய்மொழி ஒப்புதலை நம்பி அழைத்துவிட்டு, எழுத்தாளரின் கருத்துகள் குறித்து யாரோ முணுமுணுத்ததால் கடைசி வாரத்தில் நிகழ்ச்சியை நிறுத்துவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. அவர் என்ன எழுதியிருக்கிறார், பொதுவெளியில் என்ன பேசிவருகிறார் என்பதை ஒப்புதல் கேட்கும்போதே நிர்வாகத்திடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நூலகத்திலோ மண்டபத்திலோ நடத்துவதானால் அரங்கை எழுத்துவழியே பதிவு செய்துகொள்ளுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்து நடத்துவதானால் காவல் நிலைய அனுமதி வேண்டும்; இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நாளைத் தேர்வதில் பலர் ஒரே குறுகிய வழியில் முட்டிக்கொள்கிறார்கள். பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா, டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் ஆகியவற்றை ஒட்டி எல்லா நிறுவனங்களும் ஒரே சமயத்தில் அழைக்கின்றன. பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சிக் காலத்தில் நூல் வெளியீடுகளால் எழுத்தாளர்களுக்கு நேரமே இருக்காது. அந்த நாள்களை விட்டு விலகினால் நீங்கள் விரும்பும் எழுத்தாளர் எளிதாகக் கிடைப்பார். பருவத் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருவதால், கல்லூரிகளுக்கு ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரையும் நல்ல காலம். அகமதிப்பீட்டுத் தேர்வு வாரங்களைத் துறையில் கேட்டுக்கொண்டபின் நாளைக் குறியுங்கள்.

தமிழில் எழுத்தை மட்டுமே நம்பி வாழ்கிறவர்கள் சிலரே. மற்றவர்கள் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ அரசுப் பணியிலோ இருக்கிறார்கள். வாரநாளில் கல்லூரிக்கு வருவதென்றால் ஒரு நாள் விடுப்பு எடுக்கவேண்டும். எனவே ஒரே நாளைச் சொல்லாமல் மூன்று நாள்களைச் சொல்லி அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கல்லூரியும் ஊர் வாசகர் வட்டமும் கைகோத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கல்லூரியில் உரை, சனிக்கிழமை மாலை மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் சந்திப்பு என்று அமைத்தால், பயணச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எழுத்தாளரும் ஒரே பயணத்தில் இருவேறு வகையான வாசகர்களைச் சந்திப்பார். இப்போது மாவட்டந்தோறும் அரசின் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. ஈரோட்டில் ஆகஸ்டில் நடைபெறும் புத்தகத் திருவிழா நெடுங்காலமாகவே பெயர்பெற்றது. அங்கே மாலையில் பேசவரும் எழுத்தாளரை அன்று முற்பகல் உங்கள் கல்லூரிக்கு வரும்படி கேட்கலாம். ஆனால் விழாக் குழுவினரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் செலவில் வருகிறவரைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போனதாக ஆகிவிடக்கூடாது.

அழைப்புக் கடிதம்

எழுத்தாளரின் தொலைபேசி எண்ணை எங்கேனும் வாங்கி, வேலை நேரத்தில் திடீரென்று அழைக்கவேண்டாம். அவருடைய நூலை வெளியிட்ட பதிப்பகத்துக்கு எழுதினால் பெரும்பாலும் அவர்கள் கேட்டுச் சொல்வார்கள். எண் ஏற்கெனவே கைவசம் இருந்தால், முதலில் வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி, பேச ஏற்ற நேரம் எது என்று கேளுங்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதத்துக்கு முன் இதைத் தொடங்குவது நல்லது.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. ‘எழுத்துலகின் இமயமே’ போன்ற புகழ்மொழிகளுக்குப் பதிலாக, நீங்கள் அவரைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தால் போதும். ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறை சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்ட மாணவர்கள் இருபத்திரண்டு பேர் தங்களுடைய இரண்டாம் சிறுகதைத் தொகுப்பைச் சென்ற மாதம் படித்து விவாதித்தார்கள். அதன் மூன்றாவது கதையில் தாய் கடைசிவரை பேசாமல் இருப்பதைப் பற்றி அவர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. தங்களோடு நேரில் உரையாட விரும்புகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் 7, 14, 21 ஆகிய வெள்ளிக்கிழமைகளில் தங்களுக்கு ஏற்ற ஒரு நாளில், பிற்பகல் 2 மணி முதல் 3.30 வரை நிகழ்ச்சி. நாற்பது நிமிட உரை, முப்பது நிமிட உரையாடல். ஏறத்தாழ எண்பது மாணவர்கள் இருப்பார்கள். போக்குவரத்தும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. மதிப்பூதியமாக இந்தத் தொகையை அளிக்க இயலும். தங்கள் வசதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

பெறுபவர் பெண்ணாயின் ‘அம்மா’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் இந்தக் கடிதத்தின் பயன். தலைப்பை அவரிடமே விட்டுவிடலாம். உங்களுக்கு ஒரு விருப்பம் இருந்தால் சொல்லலாம். ‘இன்றைய சமூகமும் இலக்கியமும்’ என்பது போன்ற, எதையும் சுட்டாத தலைப்புகளைத் தவிருங்கள். அவர் இயலாது என்று சொன்னால் காரணம் கேட்டு வற்புறுத்தாமல், வேறொரு பருவத்தில் கேட்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு நன்றி சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

நம் கூட்டங்களில் மிகவும் கூச்சத்தோடு கையாளப்படுவது இதுதான். எழுத்தாளரிடம் பணம் பேசுவது அவரைக் குறைத்து மதிப்பதாகும் என்று அழைப்பவர் நினைக்கிறார். கேட்டால் தவறாக எண்ணுவார்களோ என்று எழுத்தாளர் தயங்குகிறார். முடிவில் ஒரு பொன்னாடையும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நினைவுப் பரிசும், பயணச் செலவுக்கே போதாத ஓர் உறையும் அவர் கைக்குப் போகின்றன. ஒலி அமைப்பாளருக்கும் பந்தல்காரருக்கும் உணவு வழங்குபவருக்கும் பேசிய தொகையைப் பேசியபடி கொடுக்கிறோம். ஒன்றரை மணி நேரத்துக்காக இரண்டு நாளைச் செலவிட்டு வருகிறவருக்கு மட்டும் அது ஏன் நிச்சயமில்லாமல் இருக்கவேண்டும்?

முதல் கடிதத்திலேயே தொகையைச் சொல்லுங்கள். சிறிய வாசகர் வட்டம் என்றால், பயணச் செலவும் தங்குமிடமும் தவிர வேறு தர இயலாது என்பதை அப்படியே எழுதுங்கள். பல எழுத்தாளர்கள் அதற்கு மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். சொல்லாமல் விடுவதுதான் மனக்கசப்பை உண்டாக்கும். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கும் தொகையையும் மதிப்பூதியத்தோடு சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. எதையேனும் கையில் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், உங்கள் ஊரைப் பற்றிய நல்ல நூல் ஒன்றைக் கொடுங்கள்.

கல்லூரிக் கணக்கிலிருந்து தொகை வழங்குவதானால் வங்கிக் கணக்கு விவரமும் பான் எண்ணும் கேட்பார்கள். அவற்றை முன்கூட்டியே வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், நிகழ்ச்சி நாளிலேயே பணம் போய்ச்சேர வழி உண்டு. அலுவலக நடைமுறையால் தாமதமாகும் என்றால் எத்தனை நாள் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கவேண்டும். தொகை 5000 ரூபாய்க்கு மேல் இருந்தால் 1 ரூபாய் வருவாய் வில்லை ஒட்டவேண்டும். அந்த வில்லையை முதல் நாளே வாங்கி வைத்திருங்கள். இரயிலுக்கு நேரமாகிவிட்ட எழுத்தாளரை அலுவலக வாசலில் நிறுத்திவைத்து, வில்லை வாங்க ஆளனுப்புவது நல்ல விருந்தோம்பல் ஆகாது.

பயணமும் தங்குமிடமும்

இரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறக்கிறது. பாண்டியன், நெல்லை, சேரன் போன்ற இரவு விரைவு வண்டிகளில் வார இறுதி இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். நாள் உறுதியானதும், வருவதற்கும் திரும்புவதற்கும் ஒரே சமயத்தில் பதிவு செய்துவிடுங்கள். திரும்பும் சீட்டு காத்திருப்போர் பட்டியலில் இருக்க, மேடையில் நிம்மதியாகப் பேச யாராலும் இயலாது. மூத்த எழுத்தாளர் என்றால் கீழ்ப்படுக்கை கிடைத்ததா என்று பாருங்கள்; கிடைக்கவில்லையென்றால் வேறு வண்டியையோ நாளையோ பார்ப்பது நல்லது. அரங்கு மாடியில் இருந்து மின்தூக்கி இல்லையென்றால் தரைத்தளத்தில் வேறொரு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை 5 மணிக்கு இரயில் வந்துசேரும் என்றால், அந்த நேரத்தில் நிலையத்தில் ஒருவர் காத்திருக்கவேண்டும். அவருடைய பெயரும் எண்ணும் முதல் நாள் இரவே எழுத்தாளரின் கைப்பேசியில் இருக்கவேண்டும். விடுதி அறை காலை 5 மணிக்குக் கிடைக்குமா என்பதைத் தனியே கேளுங்கள். பல விடுதிகளில் நண்பகலுக்கு முன் அறை தரமாட்டார்கள். பெண் எழுத்தாளர் தனியே வருவாரானால், வரவேற்கவும் உடன் இருக்கவும் ஓர் ஆசிரியையோ மாணவியோ பொறுப்பேற்கட்டும். விடுதியையும் அதை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுங்கள். உணவில் விலக்கவேண்டியவை உண்டா, மாத்திரைக்கு முன் சாப்பிடவேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பிறகு ஓய்வெடுக்க விடுங்கள். விடுதி அறைக்கு ஒவ்வொருவராக வந்து பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தால், உரை தொடங்கும்போது அவர் களைத்துப்போயிருப்பார்.

வாசகர்களை ஆயத்தம் செய்தல்

நிகழ்ச்சியின் தரம் இங்கேதான் உறுதியாகிறது. மற்ற வேலைகளைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஐந்தாறு வாரத்துக்கு முன் நூலில் இருபது படிகளைப் பதிப்பகத்திலிருந்து வரவழையுங்கள்; கல்லூரி நூலகத்துக்கான கொள்முதலாகவே வாங்கலாம். ஒரு படிக்கு மூன்று பேர், ஆளுக்குப் பத்து நாள் என்று சுற்றுக்கு விட்டால் ஒரு மாதத்தில் அறுபது பேர் படித்துவிடுவார்கள். பக்கங்களை நகலெடுத்தோ பிடிஎஃப் கோப்பாகவோ பரப்பாதீர்கள். அந்த நூலை எழுதியவரையே அழைத்து அவர் முன் அதைச் செய்வது முறையன்று.

இடையில் இரண்டு முறை கூடிப் பேசுங்கள். முதற்கூட்டத்தில் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் வரட்டும். இரண்டாவதில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதித் தரட்டும். எந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அது தோன்றியது என்பதையும் அருகே குறிக்கட்டும். பக்க எண்ணைக் கேட்டவுடனே கேள்விகள் மாறுவதைக் காண்பீர்கள். “எழுதுவதற்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது?” என்ற கேள்விக்குப் பக்கம் இல்லை. “72-ஆம் பக்கத்தில் கிணற்றை மூடியபின் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?” என்ற கேள்விக்கு எழுத்தாளர் நிமிர்ந்து உட்காருவார். ஆசிரியர்கள் அந்தத் தாள்களை வாங்கித் திருத்தி அழகாக்கிக் கொடுக்கவேண்டாம். மாணவர் தம் சொந்த மொழியில், வட்டார வழக்கிலேயே கேட்கட்டும்.

கூட்டம் காட்டுவதற்காக மற்றத் துறை மாணவர்களையும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் வரிசையாகக் கொண்டுவந்து அமர்த்துவது இரு தரப்புக்கும் துன்பம். படித்துவிட்டு வந்த அறுபது பேர் ஒரு கருத்தரங்க அறையில் அமர்ந்திருப்பது, பெரிய கலையரங்கில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அறுநூறு பேரைவிட எல்லா வகையிலும் மேலானது. நிர்வாகம் எண்ணிக்கையை வலியுறுத்தினால், உரைக்கு அனைவரையும் அழைத்துவிட்டு, உரையாடலைப் படித்தவர்களோடு மட்டும் தனி அறையில் வைத்துக்கொள்ளலாம்.

அழைப்பிதழும் மேடையும்

அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்தாளருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயரின் தலைப்பெழுத்து, நூற்பெயரின் எழுத்துகள், கவிஞர் என்று போடுவதா எழுத்தாளர் என்று போடுவதா, எந்தப் படம் என்பவை அவர் விருப்பப்படி இருக்கட்டும்.

தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று நம் அழைப்பிதழ்களில் நீளும் வரிசையை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பதை அறிவேன். முதல்வரும் துறைத்தலைவரும் மேடையில் இருப்பது முறைதான். ஆனால் தமிழ்த்தாய் வாழ்த்து முதல் அறிமுகம் வரை எல்லாம் பதினைந்து நிமிடத்துக்குள் முடியவேண்டும் என்று முடிவுசெய்து, ஒவ்வொருவருக்கும் உரிய நிமிடத்தை அவரிடம் முன்கூட்டியே பணிவோடு சொல்லிவிடுங்கள். வாழ்த்துரைகளை முழுவதுமாக விட்டுவிடலாம். மேடையில் அமர்பவர்களின் பெயர்களை ஒவ்வொரு பேச்சாளரும் மீண்டும் அடுக்கவேண்டியதில்லை. வரவேற்பவர் ஒருமுறை சொன்னால் போதும்.

எழுத்தாளரை அறிமுகம் செய்யும் பொறுப்பை ஒரு மாணவருக்குக் கொடுங்கள். பட்டங்களையும் விருதுகளையும் வரிசையாக வாசிப்பதைவிட, நூலில் தமக்குப் பிடித்த ஒரு பத்தியை வாசித்து, அது ஏன் பிடித்தது என்று மூன்று நிமிடம் பேசினால் அவையும் எழுத்தாளரும் ஒருசேர ஆயத்தமாவார்கள். அந்த மாணவர் முதல் நாள் அதே ஒலிவாங்கியில் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். ஒலி அமைப்பும் அப்போதே சோதிக்கப்பட்டுவிடும். கேள்வி கேட்பவர்களுக்கென்று இரண்டாவதாக ஓர் ஒலிவாங்கி அவசியம்.

தரமதிப்பீட்டு ஆவணங்களுக்காக வருகைப் பதிவும் இடக்குறியோடு கூடிய புகைப்படங்களும் கல்லூரிக்குத் தேவைப்படும். வருகைப் பதிவை நுழைவாயிலிலேயே முடித்துவிடுங்கள். உரைக்கு நடுவே தாளைச் சுற்றுக்கு விட்டால் வரிசை வரிசையாகக் கவனம் கலையும். படம் எடுப்பவர் முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு அமரட்டும். உரையைக் காணொளியாகப் பதிவுசெய்து வெளியிடுவதற்கு எழுத்தாளரின் இசைவை முன்னரே கேளுங்கள். தம் அடுத்த நூலைப் பற்றியோ சொந்த ஊரைப் பற்றியோ மனம்விட்டுப் பேச நினைப்பவர், கருவியைப் பார்த்ததும் சுருங்கிக்கொள்ளலாம்.

உரையாடலை நெறிப்படுத்த, நூலை முழுதும் படித்த ஒருவர் வேண்டும். கேள்வி என்ற பெயரில் பத்து நிமிடம் பேசத் தொடங்குபவரை மரியாதையாக நிறுத்தத் தெரிந்தவராகவும் அவர் இருக்கவேண்டும். முதல் கேள்வியை ஒரு மாணவிக்கோ மாணவருக்கோ கொடுங்கள். பேராசிரியர்கள் தொடங்கிவிட்டால் பின்வரிசையில் யாரும் கை தூக்கமாட்டார்கள். எழுத்தாளரின் கருத்தோடு உடன்படாத கேள்விகளைத் தடுக்கவேண்டாம். அவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுபவரை நிறுத்தும் கடமை மட்டும் நெறியாளருடையது. அதை எழுத்தாளர் தலையில் விட்டுவிடக்கூடாது.

நூல் விற்பனை

அரங்க வாயிலில் ஒரு மேசை, சில்லறை, யுபிஐ அட்டை, இரண்டு மாணவர்கள் இருந்தால் போதும். பதிப்பகத்திலோ உள்ளூர்ப் புத்தகக் கடையிலோ பேசினால், விற்றவை போக மீதியைத் திருப்பித் தரும் முறையில் படிகளைத் தருவார்கள். புத்தகக் காட்சிகளில் உள்ளதுபோல 10 விழுக்காடு தள்ளுபடி தர இயலுமா என்றும் கேட்கலாம். எழுத்தாளரே பையில் நூல்களைச் சுமந்துவந்து விற்கும் நிலையை உண்டாக்காதீர்கள். நன்றியுரைக்குப்பின் கையொப்பத்துக்காக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அருகில் ஒரு மாணவர் நின்று, வாங்கியவரின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக்கொடுத்தால் பெயர்ப் பிழை வராது, வரிசையும் விரைவாக நகரும்.

நிகழ்ச்சி முடிந்தபின்

வண்டி ஏற்றிவிடும்வரை ஒருவர் எழுத்தாளரோடு இருக்கவேண்டும். வீடு சேர்ந்தாரா என்று மறுநாள் கேட்டு, இரண்டு நல்ல படங்களை அனுப்புங்கள். விற்ற படிகளின் கணக்கையும் பணத்தையும் ஒரு வாரத்துக்குள் பதிப்பகத்துக்குச் சேர்த்துவிடுங்கள். மதிப்பூதியம் வங்கி வழியாகப் போவதானால், அது வந்துசேர்ந்ததா என்று நீங்களே கேளுங்கள். அவர் நினைவூட்டும்படி வைக்கக்கூடாது. நேரமின்மையால் கேட்கப்படாமல் நின்றுபோன கேள்வித் தாள்கள் இருந்தால் அவற்றை ஒழுங்காகத் தொகுத்து அனுப்பி, விரும்பினால் பதில் எழுதலாம் என்று சொல்லுங்கள். கல்லூரிக்கான அறிக்கை எழுதும்போது, கலந்துகொண்டோர் எண்ணிக்கையோடு நூலைப் படித்தவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இப்பொறுப்புக்கு வருபவர் முதல்வரிடம் ஒப்புதல் கேட்கப் போகும்போது அந்த அறிக்கையை உடன் எடுத்துச் செல்லலாம்.